பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்பது நம் மக்கள் நாவில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் பழமொழி. குற்றம் புரிந்தவன் ஒருவனாகவும் அதன் விளைவைச் சுமப்பவன் மற்றொருவனாகவும் அமைந்துவிடும் போதெல்லாம் ஒரு பெருமூச்சுடன் இதனைச் சொல்லி ஆறுதல் அடைகிறோம். அவ்வாறு பெருமூச்சோடு நின்றுவிட இடந்தராத துறைகளும் உண்டு. பார்வைக்கு வெறும் பொழுதுபோக்காகத் தோன்றும் கால்பந்தாட்டம் அவற்றுள் ஒன்று.

ஓர் ஆட்டத்தின் முடிவை, ஆட்டம் தொடங்குமுன்பே பணத்தாலோ செல்வாக்காலோ பேசி முடித்துவிடுவதை 'மேட்ச் ஃபிக்சிங்' என்று வழங்குகின்றனர். இந்தப் பேரத்தில் ஈடுபடுவோர் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அது வெளிப்பட்டபின் தண்டனை பெறுவதோ, பல வேளைகளில் ஒரு கழகம் முழுவதும். பட்டம் பறிக்கப்படுகிறது, புள்ளிகள் குறைக்கப்படுகின்றன, கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படுகிறது. கழகத்துக்கு உடல் இல்லை; நோவதற்கு உள்ளமும் இல்லை. அவ்வாறாயின், கழகம் தண்டிக்கப்படும்போது உண்மையில் நோவது யாருக்கு? அரங்கத்தின் புல்வெளியைப் பேணும் தொழிலாளிக்கா? வாரக் கூலியில் மிச்சம் பிடித்து நுழைவுச்சீட்டு வாங்கும் ரசிகனுக்கா? பேரத்தைப் பற்றி ஏதும் அறியாத இளம் ஆட்டக்காரனுக்கா? சிலர் செய்த பிழைக்குப் பலரைத் தண்டிப்பது நீதியாகுமா?

இவ்வினா கால்பந்தோடு முடிந்துவிடுவதன்று. பலர் கூடி ஒரு பெயரின்கீழ் இயங்கும் எந்த அமைப்புக்கும் இது பொருந்தும். எனினும், வெற்றியும் தோல்வியும் எண்களாய் எழுதி வைக்கப்படும் ஆட்டக்களத்தில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

குற்றத்தின் தன்மை

முதற்கண், இக்குற்றம் எத்தகையது என்று அறிதல் வேண்டும். எதிரணியினன் காலைத் தட்டிவிடுவதும், பந்தைக் கையால் தொடுவதும் விதிமீறல்களே. ஆயினும் அவை ஆட்டத்துக்குள் நிகழும் பிழைகள். நடுவரின் ஊதல் ஒலித்ததும் அவற்றுக்குரிய பரிகாரம் அங்கேயே கிடைத்துவிடுகிறது. பேரம் பேசி ஆடப்படும் ஆட்டத்திலோ பந்து இருக்கும். கோல் கம்பங்கள் இருக்கும். தொண்ணூறு நிமிடங்களும் இருக்கும். ஆட்டம் மட்டும் இராது. காண வந்தவன் தன் காசோடு தன் நம்பிக்கையையும் களத்தில் ஒப்படைக்கிறான். முடிவு இன்னும் எழுதப்படவில்லை என்பதே அந்த நம்பிக்கை. அது ஆட்டக்காரர் கையில் வைக்கப்பட்ட ஓர் அமானிதம். அதனை விற்றவன் பார்வையாளனை ஏமாற்றுகிறான், எதிரணியை ஏமாற்றுகிறான், அந்தக் களத்திலேயே இல்லாத வேறொரு கழகத்தையும் ஏமாற்றுகிறான். இந்த மூன்றாம் தரப்பை மறந்துவிட்டு இவ்வழக்குகளில் நீதி பேசவே இயலாது. அதற்கு இங்கிலாந்தின் பழைய நிகழ்ச்சி ஒன்றே சான்று.

1915-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் பெரிய வெள்ளிக்கிழமை. முதல் உலகப்போர் மூண்டு எட்டு மாதங்கள் கழிந்திருந்தன. மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டு அரங்கில் மான்செஸ்டர் யுனைடெட் கழகம் லிவர்பூல் கழகத்தை 2-0 என்ற கணக்கில் வென்றது. கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் அபாயத்தில் இருந்த கழகம் அது. யுனைடெட் கழகத்துக்குக் கிடைத்த பெனால்டி வாய்ப்பு ஒன்று கம்பத்துக்கு வெகு தொலைவில் வெளியே உதைக்கப்பட்டது. இறுதிக் கட்டத்தில் லிவர்பூலின் பாக்னம் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் மோதியபோது, அவருடைய தோழர்களே அவரைக் கடிந்துகொண்டனர். 2-0 என்ற அதே எண்ணிக்கைக்கு, ஒன்றுக்கு ஏழு என்ற விகிதத்தில் பெருந்தொகைகள் பந்தயம் கட்டப்பட்டிருந்தமை பின்னர் தெரியவந்தது.

விசாரணை நடந்தது. இரு கழகங்களையும் சேர்ந்த ஏழு ஆட்டக்காரர்களுக்கு ஆயுட்காலத் தடை விதிக்கப்பட்டது. கழகங்களுக்கோ அபராதம் இல்லை; புள்ளிக் குறைப்பும் இல்லை. ஆட்டத்தின் முடிவு அப்படியே நிலைத்தது. குற்றம் செய்தவனுக்கே தண்டனை, பிறருக்கு இல்லை என்ற நெறி இங்கே முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது எனலாம். நம் உள்ளம் விரும்பும் நீதியும் அதுதானே?

ஆனால் புள்ளிப் பட்டியலைப் பாருங்கள். வெற்றிக்கு இரண்டு புள்ளிகள் வழங்கப்பட்ட காலம் அது. பருவத்தின் முடிவில் யுனைடெட் 30 புள்ளிகளோடு பதினெட்டாம் இடத்தில் தப்பியது. 29 புள்ளிகள் பெற்ற செல்சி கழகம் பத்தொன்பதாம் இடத்துக்குச் சென்று, இறங்கவேண்டிய நிலைக்கு ஆளாயிற்று. அந்த வெள்ளிக்கிழமை ஓல்டு டிராஃபோர்டில் செல்சி ஆடவில்லை. அதன் ஆட்டக்காரர் எவரும் பந்தயம் கட்டவில்லை. ஆயினும் அந்தப் பேரத்தின் விலையைக் கொடுக்கவேண்டியவர்கள் அவர்களாயினர். போர் முடிந்து 1919-இல் லீக் மீண்டும் தொடங்கியபோது, முதற்பிரிவு இருபதிலிருந்து இருபத்திரண்டு கழகங்களாக விரிக்கப்பட்டதால் செல்சி பிழைத்தது. நீதி செய்யும் வழி அறியாமல் நாற்காலிகளின் எண்ணிக்கையைக் கூட்டிச் சமாளித்தார்கள் என்றே சொல்லவேண்டும்.

ஆட்டக்காரர்களின் கதை வேறு. போர்ப்பணியை முன்னிட்டு 1919-இல் அவர்களுள் அறுவரின் தடை நீக்கப்பட்டது. அவர்களுள் ஒருவராகிய சாண்டி டர்ன்புல் 1917-இலேயே பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டுவிட்டவர். தாம் குற்றமற்றவர் என்று இறுதிவரை வாதிட்ட ஈனாக் வெஸ்ட் ஒருவருக்கு மட்டும் 1945-ஆம் ஆண்டுவரை தடை நீடித்தது. அப்போது அவருக்கு வயது 59. ஒருபுறம் ஒரு மனிதன்மீது முப்பதாண்டுத் தண்டனை. மறுபுறம் அதே ஆட்டத்தின் இரண்டு புள்ளிகளை ஒரு கழகம் கைந்நோகாமல் வைத்துக்கொண்டது. கழகத்தைத் தண்டிக்காமல் விட்டதில் பிழையில்லை. கழகத்திடம் இருந்த பிறர்பொருளை வாங்கித் தராமல் விட்டதே பிழை.

திருப்பித் தருதலும் தண்டனை பெறுதலும்

இவ்விரண்டும் வெவ்வேறானவை. கடைத்தெருவில் உள்ள ஒரு தானிய மண்டியை எடுத்துக்கொள்வோம். முதலாளி ஊரில் இல்லாத வேளையில் கணக்குப்பிள்ளை குறைந்த எடைக்கல்லைத் தராசில் வைத்து ஓராண்டுக் காலம் வியாபாரம் செய்துவிட்டார். முதலாளிக்கு ஏதும் தெரியாது. உண்மை வெளிப்பட்டதும் அவர் என்ன செய்யவேண்டும்? 'நான் அறியேன், என் மனம் தூய்மையானது' என்று சொல்லி, மிகுதியாக வந்த பணத்தைப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளலாமா? கூடாது என்று சிறுபிள்ளையும் சொல்லும். அவர் அறியாதவர் என்பதனால் அவரைச் சிறையிடக்கூடாது. அப்பணம் அவருடையதன்று என்பதனால் அதனைத் திருப்பித் தந்தாக வேண்டும். முன்னது தண்டனை பற்றிய நெறி. பின்னது உடைமை பற்றிய நெறி. தண்டிப்பதற்குக் குற்ற மனம் வேண்டும். திருப்பித் தருவதற்கு அது வேண்டுவதில்லை; பொருள் பிறருடையது என்பதே போதும்.

ஒரு கழகத்தின் பட்டத்தையும் புள்ளிகளையும் பறிப்பது இவ்வகையில் தண்டனையே அன்று. பேரத்தால் வந்த வெற்றி அக்கழகத்துக்கு என்றுமே உரியதாக இருந்ததில்லை. ஆகவே, 'குற்றமற்ற ரசிகர்களின் மகிழ்ச்சியைப் பறிக்கலாமா?' என்ற கேள்வி இங்கே எழாது. திருட்டு நகையை அறியாமல் வாங்கி அணிந்தவள், அதனைக் கழற்றிக் கொடுக்கும்போது வருந்துவாள். அந்த வருத்தத்துக்கு நாமும் இரங்கலாம். நகையை மட்டும் அவளிடம் விட்டுவிட முடியாது.

இனி, இதற்கு அப்பாற்பட்ட கடினமான பகுதிக்கு வருவோம். கழகத்தைக் கீழ்ப்பிரிவுக்கு இறக்குவதும், போட்டிகளிலிருந்து ஆண்டுக்கணக்கில் விலக்குவதும் திருப்பித் தருதல் ஆகா, அவை தண்டனையே. அவற்றுக்கு நியாயம் உண்டா?

மார்சேயில் நடந்தது

பிரான்சு நாட்டின் தென்கரைத் துறைமுகமாகிய மார்சேய் நகரின் ஒலிம்பிக் மார்சேய் கழகம், 1989 முதல் 1992 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் நாட்டின் சாம்பியனாக விளங்கியது. அதன் தலைவர் பெர்னார் தப்பீ பெரும் தொழிலதிபர், அமைச்சராகவும் இருந்தவர். 1993 மே 26-ஆம் நாள் முனிச் நகரில் இத்தாலியின் ஏ.சி. மிலானை எதிர்த்து ஐரோப்பியக் கோப்பையின் இறுதியாட்டம் ஆட வேண்டியிருந்தது. அதற்கு ஆறு நாட்களுக்கு முன்னர், மே 20-ஆம் நாள், வடக்கே நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் உள்ள வலென்சியென் என்னும் சிறிய நகரின் கழகத்தோடு ஒரு லீக் ஆட்டம். அதில் வென்றால் ஐந்தாம் முறையும் பட்டம் பெறும் வாய்ப்பு வலுப்பெறும். ஆட்டக்காரர்கள் காயம்படாமல் முனிச்சுக்குச் செல்லவும் வேண்டும்.

ஆட்டத்துக்கு முந்திய இரவு, மார்சேயின் ஆட்டக்காரர் எய்தெலி, தம் பழைய தோழர்களான வலென்சியென் ஆட்டக்காரர் மூவரைத் தொலைபேசியில் அழைத்தார். கடுமையாக ஆடாமல் இருப்பதற்குப் பணம் தருவதாகச் சொல்லப்பட்டது. அம்மூவர் ரொபேர், பூருச்சாகா, க்ளாஸ்மான் ஆவர். பூருச்சாகா, 1986 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அர்ஜென்டீனாவின் வெற்றிக் கோலை அடித்த புகழுக்குரியவர். மூவருள் ழாக் க்ளாஸ்மான் பணத்தை மறுத்ததோடு நிற்கவில்லை. தம் பயிற்சியாளரிடம் செய்தியைச் சொன்னார். ஆட்டத்தின் இடைவேளையில் அது நடுவருக்கும் தெரிவிக்கப்பட்டது. மார்சேய் 1-0 என்று வென்றது. முனிச்சிலும் அதே கணக்கில் மிலானை வென்று, ஐரோப்பியக் கோப்பையைப் பெற்ற முதல் பிரெஞ்சுக் கழகமாயிற்று.

நகரம் ஆடிப்பாடிக்கொண்டிருக்கையில் விசாரணை தொடங்கிற்று. ரொபேரின் உறவினர் வீட்டுத் தோட்டத்தில் புதைக்கப்பட்டிருந்த 250,000 பிராங்க் தோண்டி எடுக்கப்பட்டது. 1993 செப்டம்பரில் பிரெஞ்சுப் பட்டம் பறிக்கப்பட்டது; ஐரோப்பியக் கோப்பையைக் காத்து ஆடும் உரிமையும் மறுக்கப்பட்டது. 1994-இல் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அப்பிரிவில் முதலிடம் பெற்றும், கடன் சுமையின் காரணமாக மேலேற அனுமதி கிடைக்கவில்லை. 1996-இல்தான் முதற்பிரிவுக்குத் திரும்பியது. தப்பீ 1995-இல் தண்டிக்கப்பட்டு, பின்னர் சிறையும் சென்றார்.

முனிச்சில் வென்ற கோப்பை மட்டும் மார்சேயிடமே இருக்கிறது. அந்த ஆட்டத்தில் பேரம் நடந்ததாக நிறுவப்படவில்லை என்பதே காரணம். வலென்சியெனில் களைப்பும் காயமும் இன்றித் தப்பியது முனிச்சில் எவ்வளவு உதவிற்று என்பதை நிறுக்கத் தராசு ஏதும் இல்லை. திருப்பித் தருதல் என்னும் நெறிக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இதனால் உணர்கிறோம்.

கழகத்துக்காகவா, கழகத்துக்கு எதிராகவா?

1915-ஆம் ஆண்டு நிகழ்ச்சியையும் 1993-ஆம் ஆண்டு நிகழ்ச்சியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். முன்னதில் ஆட்டக்காரர்கள் பந்தயப் பணத்துக்காகத் தம் கழகத்தின் பெயரையே விற்றனர். லிவர்பூலைப் பொறுத்தவரை கழகம் இழந்த தரப்பு; வீட்டுக்குள்ளிருந்தே களவு போன வீடு போன்றது. பின்னதிலோ கழகத்தின் பொது மேலாளரும் தலைவரும் கழகத்தின் நலனுக்காகவே பேரத்தை நடத்தினர். கழகத்துக்கென்று ஒரு மனம் உண்டென்றால், அது அதன் பெயரால் முடிவெடுக்கும் அதிகாரம் பெற்றோரின் மனமே. அந்த மனம் குற்றத்தை எண்ணித் திட்டமிட்டு, அதன் பயனையும் கழகத்தின் கணக்கிலேயே வரவு வைத்தால், 'கழகம் குற்றமற்றது' என்று சொல்வது சொல்விளையாட்டாகவே முடியும். ஆகவே கழகத்துக்கு எதிராகச் செய்யப்பட்ட குற்றத்தில் கழகத்தைத் தண்டிப்பது கொடுமை. கழகத்துக்காக அதன் தலைமை செய்த குற்றத்தில் தண்டிக்காமல் விடுவது ஏமாளித்தனம். அவ்வாறு விட்டால், ஒவ்வொரு செல்வக் கழகமும் பழி ஏற்பதற்கென்றே ஒரு மேலாளரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும்.

அப்போதும், அறியாத பலர் துன்புறுகிறார்கள் என்ற உண்மை மறையாது. இதற்கு விடையாக ஒரு கருத்தைச் சொல்வதுண்டு. வெற்றி பெற்ற நாளில் ரசிகன் என்ன சொன்னான்? 'அவர்கள் வென்றார்கள்' என்றா? இல்லை, 'நாம் வென்றோம்' என்றான். அவன் ஒரு பந்தையும் உதைத்ததில்லை. ஆயினும் அந்தப் பெருமையில் பங்கு கொண்டான். உழைக்காத பெருமையில் பங்கு கேட்டவன், செய்யாத இழிவில் பங்கு வரும்போது மட்டும் 'அது அவர்கள் செய்தது' என்று ஒதுங்குவது எப்படிப் பொருந்தும்? 'நாம்' என்ற சொல் நல்ல நாளுக்கு மட்டும் உரிய சொல் அன்றே!

இக்கருத்தில் வலிமை உண்டு. எனினும் பாதி வலிமையே. இழிவில் பங்கு கொள்வது வேறு. தண்டனையில் பங்கு கொள்வது வேறு. குடும்பத்தில் ஒருவன் களவு செய்தால் உடன்பிறந்தவர்கள் தலைகுனிகிறார்கள்; அது இயல்பு, அழகும்கூட. அதற்காக அவர்களையும் விலங்கிட்டு இழுத்துச்செல்வதை யாரும் ஒப்பமாட்டார். மேலும், புல்வெளியைப் பேணும் தொழிலாளி பெருமையில் பங்கு கேட்டவர் அல்லர். அவர் கேட்டது கூலி. ஆதலால், கழகத்துக்கு விதிக்கப்படும் தண்டனை எத்துணைத் தேவையானதாயினும், அதில் ஒரு பகுதி குற்றமற்றோர் தலையில் விழுகிறது என்பதை விதிப்போர் ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால்தான் அளவு பற்றிய அச்சம் பிறக்கும்.

அளவு என்பது எத்துணை நிலையற்றது என்பதற்கு 2006-ஆம் ஆண்டு இத்தாலி எடுத்துக்காட்டு. நடுவர்களை நியமிப்பதில் கழக மேலாளர்கள் செல்வாக்குச் செலுத்திய முறைகேடு வெளிப்பட்டு, யுவென்டஸ் கழகம் இரு பட்டங்களை இழந்து இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. அங்கே அதற்கு முதலில் விதிக்கப்பட்ட புள்ளிக் குறைப்பு 30. மேல்முறையீட்டில் அது 17 ஆயிற்று; பின்னர் 9 ஆயிற்று. அதே விவகாரத்தில் புள்ளிக் குறைப்புப் பெற்ற ஏ.சி. மிலான், ஐரோப்பியப் போட்டியில் ஆட அனுமதிக்கப்பட்டு, 2007-இல் அந்தக் கோப்பையையே வென்றது. ஒரே குற்றச்சாட்டுக்கு முப்பதும் சரி, ஒன்பதும் சரி என்றால், அந்த எண்களை நீதி எழுதிற்றா, பேரமே எழுதிற்றா என்று மக்கள் ஐயுறுவது இயல்பே.

ஐயமும் அதன் விலையும்

இதுவரை நாம் கண்டவை நிறுவப்பட்ட குற்றங்கள். குற்றச்சாட்டு மட்டுமே இருக்கும் நிலையில் என் செய்வது? துருக்கியின் ஃபெனர்பாச்சே கழகத்தின் வரலாறு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகிறது.

2010-11 பருவத்தில் ஃபெனர்பாச்சேயும் டிராப்சன்ஸ்போரும் 82 புள்ளிகளோடு சமநிலையில் நின்றன. இரண்டும் தம்முள் ஆடிய ஆட்டங்களின் கணக்கால் பட்டம் ஃபெனர்பாச்சேக்குச் சென்றது. 2011 ஜூலையில் காவல்துறை, ஆட்டங்கள் பேரம் பேசப்பட்டதாகக் கூறிப் பலரைக் கைது செய்தது. கழகத் தலைவர் அசீஸ் யில்திரிமும் அவர்களுள் ஒருவர். அடுத்த மாதமே அக்கழகம் ஐரோப்பியச் சாம்பியன் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. அவ்விடம் டிராப்சன்ஸ்போருக்குக் கிடைத்தது. 2012-இல் நீதிமன்றம் யில்திரிமுக்கு ஆறு ஆண்டு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. 2013-இல் ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் அக்கழகத்தை இரண்டு பருவங்களுக்கு விலக்கியது. விளையாட்டு நடுவர் மன்றமும் அதனை உறுதி செய்தது. பின்னர் வழக்கு மறுவிசாரணைக்கு வந்தது. 2015-இல் யில்திரிம் விடுதலை செய்யப்பட்டார். வழக்கைத் தொடுத்த காவல் அதிகாரிகள் சிலர்மீதே பிற்காலத்தில் சதிக் குற்றச்சாட்டு எழுந்தது. கழகம் இழந்த பருவங்களோ திரும்பி வரவில்லை.

எளிதில் தீர்ப்புச் சொல்லக்கூடிய செய்தி அன்று இது. குற்றவியல் நீதிமன்றம் ஐயத்துக்கு இடமற்ற சான்றைக் கேட்கும். ஏனெனில் அது ஒருவனின் உடல் உரிமையைப் பறிக்கவல்லது. விளையாட்டு மன்றமோ அதனினும் குறைந்த சான்றோடு மனநிறைவு கொள்ளும்; ஏனெனில் அதற்குக் காவல்துறையும் இல்லை, காத்திருக்கக் காலமும் இல்லை. நீதிமன்றம் ஐந்து ஆண்டுகள் காத்திருக்கலாம். அடுத்த பருவத்தின் போட்டி ஐந்து வாரங்களில் தொடங்கிவிடும். காத்திருந்தால், குற்றம் உண்மையாயின் டிராப்சன்ஸ்போர் ஏமாற்றப்படும். காத்திராவிட்டால், குற்றம் பொய்யாயின் ஃபெனர்பாச்சே ஏமாற்றப்படும். இரு வழிகளிலும் யாரோ ஒருவர் அறியாமல் பலியாகும் இடம் இது.

இத்தகைய இடத்தில் கொள்ளத்தக்க நெறி ஒன்றே. ஐயத்தின் பேரில் விதிக்கப்படுவது தடுத்து நிறுத்தலாக இருக்கலாம். தண்டனையாக இருத்தல் ஆகாது. அது குறுகியதாகவும், மீளப் பார்க்கத்தக்கதாகவும், பிற்காலத்தில் குற்றம் பொய்த்தால் இழப்பை ஈடுசெய்யும் வாக்குறுதியோடும் வரவேண்டும். பெயரை மாற்றிக்கொண்டு தண்டனையே தடுப்பாக வந்தால், குற்றச்சாட்டுக் கூறும் ஆற்றல் பெற்றவன் கையில் தீர்ப்பையும் சேர்த்துக் கொடுத்தவர்கள் ஆவோம்.

ரசிகன் குற்றவாளியாகும் இடம்

இறுதியாக, மீண்டும் க்ளாஸ்மானைப் பற்றிச் சொல்லவேண்டும். உண்மையைச் சொன்ன அவருக்கு என்ன நேர்ந்தது? பிரான்சின் அரங்குகளில் அவர் காலடி வைத்தபோது கூட்டம் அவரை நோக்கிக் கூச்சலிட்டு இகழ்ந்தது. அவருடைய வலென்சியென் கழகமோ அந்தப் பருவத்தில் இரண்டாம் பிரிவுக்கு இறங்கி, மறு ஆண்டு மூன்றாம் பிரிவுக்கும் சரிந்து, 1996-இல் பொருளாதாரத்திலும் வீழ்ந்தது. அவர் இந்துமாக்கடலில் உள்ள ரெயூனியன் தீவுக்குச் சென்று ஆடினார். 1995-இல் உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு அவருக்கு நேர்மை விருது வழங்கியது. விருது ஒரு நாள் வந்தது. கூச்சல் பல நாள் கேட்டது.

அந்தக் கூச்சலை எழுப்பியவர்கள் யார்? பணம் கொடுத்தவர்கள் அல்லர், வாங்கியவர்களும் அல்லர். தொடக்கத்தில் நாம் இரக்கத்தோடு நினைத்த அதே குற்றமற்ற ரசிகர்கள்! பேரம் நடந்த இரவில் அவர்கள் குற்றமற்றவர்களே. அதன் கனி தம் கையில் இருக்கிறது என்று அறிந்தபின்னும் அதனைக் கீழே வைக்க மனமில்லாமல், 'இது களவுப்பொருள்' என்று சொன்னவனை இகழ்ந்தார்களே, அந்த நொடியில் பாவம் இருந்த இடத்தைத் தேடிச் சென்று தமக்கும் ஒரு பங்கு கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அதே ஆண்டில் மற்றொன்றும் நடந்தது. மார்சேயிடமிருந்து பறிக்கப்பட்ட பட்டம், இரண்டாம் இடத்தில் இருந்த பாரிஸ் கழகத்துக்குச் செல்லவேண்டும். பாரிஸ் அதனை ஏற்க மறுத்துவிட்டது. அதன் காரணங்கள் தூயனவாக இருந்திருக்கலாம்; வணிகக் கணக்காகவும் இருந்திருக்கலாம். எவ்வாறாயினும் 1993-ஆம் ஆண்டுக்கு நேராகப் பிரெஞ்சு லீக்கின் பட்டியலில் சாம்பியன் பெயர் இல்லை. அந்த வெற்றிடம் எந்தப் பெயரைவிடவும் உண்மையான பதிவு. அந்த ஆண்டில் ஆட்டம் முறைப்படி நடந்து முடியவில்லை என்று அது சொல்கிறது.

ஆகவே, சிலர் பிழைக்குப் பலரைத் தண்டிக்கலாமா என்ற வினாவுக்கு நாம் கண்ட விடை இது. பொய்யால் வந்ததை, அறிந்தோ அறியாமலோ பெற்ற ஒவ்வொருவரும் திருப்பித் தரவேண்டும். அதில் சலுகை இல்லை. தண்டனை, எண்ணிச் செய்த மனத்தையே தேடிச் செல்லவேண்டும். அந்த மனம் கழகத்தின் தலைமையில் குடியிருந்தால் கழகமும் அதன் ஒரு பகுதியைச் சுமக்கவேண்டியதே, அளவோடு. ஐயத்தின் பேரில் எவரையும் தண்டித்தல் ஆகாது. இம்மூன்றும் மன்றங்கள் செய்யவேண்டியவை.

ரசிகனும் உறுப்பினனும் செய்யவேண்டியது ஒன்று உண்டு. அதனை எந்த மன்றமும் அவனுக்காகச் செய்துவிட முடியாது. தன் கழகத்தின் அலமாரியில் உள்ள கோப்பையைச் சுட்டி, 'அது நம்முடையதன்று' என்று ஒருவன் சொல்லும்போது, அவன் வாயை அடைக்காமல் கேட்கவேண்டும். அதனைக் கேட்கும் கழகம் கீழ்ப்பிரிவில் ஆடினாலும் கழகமாகவே இருக்கும்.